நீனா சிமோன்: பியானோவில் நீதி கேட்ட பெண்

கிளிநொச்சியில் நான் சங்கீதம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பியானோவைத் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆர்மோனியம், சுருதிப்பெட்டி, வயலின், மிருதங்கம் இவைதான் எங்களுடைய உலகம். அப்படி இருந்தும் அமெரிக்காவில் பிறந்த ஒரு பியானோக் கலைஞரின் கதையை ஒவ்வொரு வருடமும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அவருடைய பெயர் நீனா சிமோன். ஜாஸ் பாடகி, பியானோ வாசிப்பவர், பாட்டுக் கட்டுபவர். 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பிரான்சின் தென்கரையிலுள்ள ஒரு சிறிய கடலோர ஊரில் தனது 70ஆவது வயதில் இறந்தவர்.

அவருடைய பாடல்களின் மொழி எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பழக்கமில்லாதது. ஆனால் அவருடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினால் வகுப்பு அமைதியாகிவிடும். வழிபாட்டுத் தலத்தில் வெடித்த குண்டு, கொல்லப்பட்ட சிறுமிகள், தடைசெய்யப்பட்ட பாட்டு, நாடுவிட்டு நாடு போன அலைச்சல், மனம் உடைந்துபோன வருடங்கள், நாற்பது வருடம் பிந்தி வந்த தீர்ப்பு. இவற்றில் எதற்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்வரிசைக் கதிரைகள்

1933ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி வட கரோலைனா மாநிலத்தின் மலையடிவாரச் சிற்றூரான ட்ரையோனில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யூனிஸ் கத்லீன் வேமன். எட்டுப் பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. தாய் மேரி கேட், மெதடிஸ்ட் சபையில் போதகர். குடும்பத்தைக் கொண்டு நடத்துவதற்காக வெள்ளையர் வீடொன்றில் வேலைக்கும் போய் வந்தார். தந்தை ஜோன் டிவைன் பல தொழில்கள் பார்த்தவர். 1930களின் பொருளாதார மந்தம் அந்த வீட்டையும் வறுமைக்குள் தள்ளியது. மூன்று அறைகள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய மரவீட்டில்தான் யூனிஸ் பிறந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பாடசாலை, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் தனி இருக்கை. இவை வெறும் வழக்கமாக இருக்கவில்லை, சட்டமாகவே இருந்தன. அமெரிக்க அரசியலமைப்பு எல்லோரும் சமம் என்றது. மாநிலச் சட்டங்கள் பிரித்து வைத்தன.

மூன்று, நான்கு வயதிலேயே யூனிஸ் யாரும் சொல்லிக் கொடுக்காமல் பியானோ வாசிக்கத் தொடங்கினார். கொஞ்சம் வளர்ந்ததும் தாய் பிரசங்கம் செய்யும் தேவாலயத்தில் அவர்தான் பியானோ வாசித்தார். தாய் வேலை செய்த வீட்டின் எசமானி இந்தப் பிள்ளையின் திறமையைக் கண்டு, முறையான பாடங்களுக்கு முதலில் கட்டணம் செலுத்தினார். ஆசிரியர் மியூரியல் மசினோவிச் இங்கிலாந்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. யூனிஸ் ஒவ்வொரு கிழமையும் தொடருந்துப் பாதையைக் கடந்து, ஊரின் வெள்ளையர் பகுதிக்குள் நடந்து போய்ப் படித்தார். அங்கேதான் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆக்கங்கள் அவருக்கு அறிமுகமாயின. அன்றிலிருந்து அவருடைய கனவு ஒன்றே ஒன்றுதான். மேற்கத்தைய சாஸ்திரிய இசைக் கச்சேரி செய்யும் முதல் பெரிய கறுப்பினப் பியானோக் கலைஞராக வரவேண்டும்.

இந்த இடத்தில் ட்ரையோன் ஊர் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளையின் படிப்பைத் தொடர்வதற்காக ஆசிரியர் ஒரு நிதியம் தொடங்கினார். அந்தச் சிற்றூரின் கறுப்பினத்தவர், வெள்ளையர் என இரு தரப்பினரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். தேவாலயக் காணிக்கையிலிருந்தும் அதற்குப் பணம் சேர்ந்தது. உதவி செய்தவர்களுக்கு நன்றி காட்டும் விதமாக ஊர் நூலகத்தில் யூனிஸ் ஒரு கச்சேரி செய்ய ஏற்பாடாயிற்று.

அப்போது அவருக்கு பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். மகள் வாசிப்பதைப் பார்க்கப் பெற்றோர் உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். வெள்ளையர் சிலர் வந்ததும் அவர்கள் இருவரையும் எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். சிறுமி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, தன் பெற்றோர் மீண்டும் முன்வரிசைக்கு வந்தால்தான் வாசிப்பேன் என்று சபையில் சொல்லிவிட்டார். சிலர் சிரித்தார்கள். ஆனால் பெற்றோரை மீண்டும் முன்னால் கொண்டுவந்து இருத்தினார்கள். கச்சேரி நடந்தது.

எங்கள் பாடசாலை விழாக்களிலும் வெள்ளை உறை போட்ட முன்வரிசைக் கதிரைகள் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். பரிசு வாங்கும் பிள்ளையின் தாய் பெரும்பாலும் வேப்பமர நிழலில் நின்றுதான் பார்க்கிறாள். இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது என் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

மூடிய கதவு

ஆஷ்வில் நகரில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையில் முதல் மாணவியாகத் தேறி, 1950இல் நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் ஒரு கோடைகாலம் படித்தார். பிலடெல்பியாவிலுள்ள கேர்ட்டிஸ் இசைக்கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கான தயாரிப்பு அது. அங்கே சேர்ந்தால் கட்டணமின்றிப் படிக்கலாம். மகளுக்கு இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் குடும்பமே ஊரைவிட்டு பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது.

1951இல் தேர்வு நடந்தது. இடம் கிடைக்கவில்லை.

தோலின் நிறம்தான் காரணம் என்று கடைசிவரை அவர் நம்பினார். அந்த வருடம் விண்ணப்பித்த பியானோ மாணவர்களில் மிகச் சிலரே தெரிவானார்கள் என்பது உண்மை. அதற்கு முன்னர் அந்தக் கல்லூரி ஓரிரு கறுப்பின மாணவர்களைச் சேர்த்திருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் தனிக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, தன்னை நிராகரித்தவர்களின் மனதில் நிறம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்று நம்ப எந்தக் காரணமும் இருக்கவில்லை. பாகுபாடு நிறைந்த ஒரு நாட்டில் நேர்மையான தோல்விகூடச் சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. தரப்படுத்தலின் காலத்தில் பல்கலைக்கழக அனுமதியை இழந்த எங்கள் மூத்த தலைமுறைக்கு இந்தக் காயம் நன்றாக விளங்கும்.

மதுச்சாலையில் ஒரு கோப்பை பால்

வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. பிள்ளைகளுக்குப் பியானோ பாடம் சொல்லிக் கொடுத்தார். 1954 கோடையில் அத்திலாந்திக் சிற்றி என்ற கடற்கரை நகரில் ஒரு சிறிய மதுச்சாலையில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. கிழமைக்கு 90 டொலர் சம்பளம். முதல் நாள் கச்சேரி மேடைக்குப் போவதுபோல நீண்ட மெல்லிய உடை அணிந்துகொண்டு போனார். குடிப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது பால் கேட்டார்.

அடுத்த நாள், வேலை வேண்டுமானால் பாடவும் வேண்டும் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். அதுவரை அவர் தன்னைப் பாடகியாக நினைத்ததே இல்லை. வேறு வழியில்லாமல் பாடினார். உலகம் இன்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குரல் அப்படித்தான் வெளியே வந்தது.

மதுச்சாலையில் வாசிப்பது போதகரான தாய்க்குத் தெரியக்கூடாது. ஆகவே பெயரை மாற்றினார். சிறுமி என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து நீனா. பிரெஞ்சு நடிகை சிமோன் சிக்னோரேயின் பெயரிலிருந்து சிமோன்.

முதல் இசைத்தட்டு பெத்லெஹெம் என்ற நிறுவனத்தில் வெளியானது. கேர்ஷ்வின் இசையமைத்த ஓர் ஓபராவிலிருந்து அவர் எடுத்துப் பாடிய காதல் பாட்டு 1959இல் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. அந்த இசைத்தட்டின் உரிமையை 3,000 டொலருக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் பத்து இலட்சம் டொலருக்கு மேல் இழந்ததாகப் பிற்காலத்தில் கணக்குப் பார்த்தார். அதே தட்டிலிருந்த இன்னொரு பாட்டை 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பா எங்கும் அது மீண்டும் வெற்றி பெற்றது.

அவருடைய வாசிப்பில் என்ன விசேடம்?

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை. எங்களுக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டு அடித்தளமாக இருக்கும். அதன்மேல் கலைஞர் அந்தக் கணத்தில் தோன்றுவதைக் கட்டிக்கொண்டு போவார். கோயில் திருவிழாவில் நடுச்சாமம் தாண்டி இரண்டு தவில்காரர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்த முறை பழக்கமானதே. எழுதிவைத்து வாசிப்பதில்லை. ஆனால் கணக்குத் தப்புவதில்லை.

நீனா இதில் சேர்த்தது பாக்கை. பாக்கின் இசையில் ஒரு கை ஒரு மெட்டைத் தொடங்க, மற்றக் கை அதையே சற்றுப் பிந்தித் தொடங்கி, இரண்டும் பின்னிப் பிணைந்து போகும். சாதாரண மதுச்சாலைக் காதல் பாட்டின் நடுவில் நீனாவின் விரல்கள் திடீரென இந்தப் பின்னலுக்குள் புகும். கேட்பவர் தேவாலயத்துக்குள் வந்துவிட்டோமோ என்று திகைப்பார். பிறகு மெல்ல மீண்டும் பாட்டுக்குத் திரும்புவார். கேர்ட்டிஸ் கல்லூரி மறுத்த படிப்பை அவர் ஒவ்வொரு இரவும் மதுச்சாலை மேடையில் வாசித்துக் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவருடைய குரல் கனத்த, தாழ்ந்த குரல். ஆணா பெண்ணா பாடுவது என்று முதலில் கேட்பவர் தடுமாறலாம். இனிமைக்காக அவர் எதையும் மெருகூட்டவில்லை. 1965இல் பதிவான சின்னர்மன் என்ற பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. தாயின் பிரசங்கக் கூட்டங்களில் சிறுவயதில் கேட்ட பாட்டு அது. வேகம் கூடிக்கூடிப் போய், நடுவில் கைதட்டல் மட்டும் மிஞ்சி, மீண்டும் பியானோ எழுந்து வரும். வன்னியில் அம்மன் கோயிலில் உடுக்குச் சத்தம் ஏற ஏற ஒருவருக்குக் கலை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டமைப்பு அங்கேயும் இருக்கிறது.

இசை நடக்கும்போது சபையில் யாராவது கதைத்தால் அவர் வாசிப்பை நிறுத்திவிடுவார். அமைதி திரும்பும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். திமிர் பிடித்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு வெள்ளைக்கார ஆண் கலைஞர் அப்படிச் செய்திருந்தால் ஒழுங்கு என்று எழுதியிருப்பார்கள்.

நான்கு சிறுமிகள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் சூடுபிடித்தது. நீனா ஆரம்பத்தில் தள்ளித்தான் நின்றார். நாடக ஆசிரியை லொரைன் ஹான்ஸ்பெரி அவருடைய நெருங்கிய சிநேகிதி. 1963 ஏப்ரல் 12ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நீனா கச்சேரி செய்தார். அதே நாளில் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கைது செய்யப்பட்டார். இந்தப் போராட்டத்துக்கு நீ என்ன செய்கிறாய் என்று ஹான்ஸ்பெரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸ் என்ற செயற்பாட்டாளர் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, பேர்மிங்ஹாமின் 16ஆம் வீதி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. அடி மே கொலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ரொபர்ட்சன் ஆகிய மூவருக்கும் 14 வயது. கரோல் டெனிஸ் மக்நெயருக்கு 11 வயது. நால்வரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள்.

செய்தியைக் கேட்ட நீனா வீட்டின் கீழ்ப்பகுதிக்குப் போய், கையில் கிடைத்த இரும்புத் துண்டுகளையும் கருவிகளையும் சேர்த்து ஒரு துப்பாக்கி செய்ய முயன்றார். யாரையாவது கொன்றாக வேண்டும் என்ற நிலையில் இருந்தார். பொலிஸ் துப்பறிவாளராக இருந்து, பின்னர் அவருடைய முகாமையாளராக மாறிய கணவர் அன்ட்ரூ ஸ்ட்ரவுட், கொலை செய்வதைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது, தெரிந்ததெல்லாம் இசைதான் என்று சொன்னார். நீனா பியானோவில் போய் இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் மிசிசிப்பி காடாம் என்ற பாட்டு பிறந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்த நாட்களில் நாங்கள் பரந்தன் வழியாகத் தருமபுரம் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் தூக்கிக்கொண்டு போக முடியாமல் என் ஆர்மோனியத்தை ஒரு வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டு நடந்தோம். பிறகு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கடைசிவரை போனோம். செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்த மாதங்களில் நான் ஒரு வரியும் பாடவில்லை. பிள்ளைகள் கேட்டும் பாடவில்லை. நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும், நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களுக்கும், வள்ளிபுனத்து மாணவிகளுக்கும் நடந்தவற்றைக் கண்ட ஒரு மண்ணில் பாட்டினால் என்ன பயன் என்ற கேள்வி என்னோடு முகாமுக்குள்ளும் வந்திருந்தது.

நீனாவின் கதையை நான் விரிவாகப் படித்தது மீள்குடியேறிய பிறகுதான். பாட்டு பெரியது, அது எல்லாவற்றையும் மாற்றும் என்று அவருடைய வாழ்க்கை எனக்குச் சொல்லவில்லை. பாட்டு போதாது என்று தெரிந்துகொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே வேலையை அந்த நாளிலும் அவர் செய்தார். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மீண்டும் வகுப்பு எடுக்கத் தொடங்கினேன்.

தடையும் மேடையும்

அந்தப் பாட்டின் மெட்டு துள்ளலானது. மேடை நாடகத்தில் ஆடிப்பாடும் பாட்டுப் போல இருக்கும். கேட்பவர் கால் தட்டத் தொடங்கிய பிறகுதான் சொற்கள் உறைக்கும். பொறுமையாக இருங்கள், மெதுவாகப் போவோம் என்று கறுப்பின மக்களுக்கு உபதேசம் செய்தவர்களுக்கு அது கொடுத்த பதில். 1964இல் கார்னகி மண்டபத்தில், பெரும்பாலும் வெள்ளையர்கள் இருந்த சபையில் அதைப் பாடிப் பதிவு செய்தார்.

தென் மாநிலங்கள் பலவற்றில் வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. தலைப்பிலுள்ள சாபச் சொல்தான் காரணம் என்றார்கள். ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் ஒவ்வொன்றும் இரண்டாக உடைக்கப்பட்டு நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு மக்கள் செல்மாவிலிருந்து மொண்ட்கோமரிக்கு நடந்தபோது, பயணத்தின் கடைசி இரவில் நீனா அவர்களுக்காகப் பாடினார். மேடை அமைக்க வசதியில்லாததால் வெற்றுச் சவப்பெட்டிகளின் மேல் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். 1966இல் நான்கு பெண்கள் என்ற பாட்டில், நிறத்தாலும் அடிமைத்தனத்தாலும் வெவ்வேறு விதமாகக் காயப்பட்ட நான்கு கறுப்பினப் பெண்களைப் பேச வைத்தார். அதையும் சில வானொலிகள் தடுத்தன. 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து நடந்த கச்சேரியில், குழுவின் பாஸ் கிற்றார் கலைஞர் ஜீன் டெய்லர் அந்த இடைவெளிக்குள் எழுதிய இரங்கற்பாட்டை நீனா பாடினார். அந்தப் பதிவில் துக்கமும் கோபமும் ஆறவில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலின் நடுக்கம் உடனே விளங்கும்.

ஹான்ஸ்பெரி 1965இல் 34 வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். சிநேகிதியின் நினைவாக, இளமையும் திறமையும் கொண்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கென நீனா மெட்டமைத்த பாட்டு 1969இல் வந்தது. வெல்டன் ஏர்வின் அதற்குச் சொற்கள் எழுதினார். கோபத்தில் பிறந்த பாட்டுகளுக்கு நடுவே, பிள்ளைகளைத் தலைநிமிரச் சொல்லும் பாட்டு அது.

இவற்றுக்கெல்லாம் விலை இருந்தது. பெரிய வருமானம் தரும் வாய்ப்புகள் சுருங்கின. சந்தைக்கு ஏற்றபடி காதல் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம்.

வீட்டுக்குள் நடந்த போர்

மேடையில் யாருக்கும் அஞ்சாத இந்தப் பெண் வீட்டில் கணவரிடம் அடி வாங்கினார். ஸ்ட்ரவுட்டை மணந்தது 1961இல். 1962 செப்டெம்பரில் மகள் லீசா பிறந்தார். கணவர் கச்சேரிகளை இடைவெளியில்லாமல் ஏற்பாடு செய்தார், நீனா களைத்துப்போனார். வன்முறை பற்றிய குறிப்புகள் அவருடைய நாட்குறிப்புகளில் இருக்கின்றன. பிற்காலத்தில் நீனாவே மகளிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. வெளியே வாங்கிய அடி வீட்டுக்குள் இறங்கி, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை நாங்கள் 2009க்குப் பின்னர் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டோம். அதைக் கதைக்கத்தான் எங்களுக்குத் துணிவு வருவதில்லை.

நீனாவுக்கு மனநோய் இருந்தது. எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு என்று வைத்தியர்கள் கண்டறிந்தது 1980களில்தான். அதற்கு முன்னரான நீண்ட வருடங்களில் அவருடைய கோபம், அழுகை, கச்சேரியின் நடுவே எழுந்து போவது எல்லாவற்றையும் குணக்கேடு என்றே எழுதினார்கள். 1995இல் பிரான்சில், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் சத்தம் போட்ட ஒரு சிறுவனைச் சிறுரவைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தி, நீதிமன்றத்தில் நிற்க வேண்டியும் வந்தது. அந்தச் சிறுவன் எந்தக் குற்றமும் செய்யாதவன். நீனாவை மதிப்பதற்காக இதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. முறையாக மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் அவர் மீண்டும் மேடையேறினார், வாசித்தார், நாடுகள் சுற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஒருவர் தனக்குள் கதைத்துக்கொண்டு வீதியால் போனால் விசர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மனநல சிகிச்சைக்குப் போவதைக் குடும்பங்கள் மறைக்கின்றன. நீரிழிவுக்கு மருந்து எடுப்பது போல இதற்கும் மருந்து எடுக்கலாம். நீனா சிமோன் அளவுக்கு வலிமையான ஒரு பெண்ணுக்கே அது தேவைப்பட்டது.

நாடு விட்டு நாடு

1970இல் கணவரையும் அமெரிக்காவையும் விட்டு பார்படோஸ் தீவுக்குப் போனார். வரி நிலுவை தொடர்பான வழக்கும் துரத்தியது. 1974இல் தென்னாபிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபாவின் அழைப்பில், மகளுடன் ஆபிரிக்க நாடான லைபீரியாவுக்குச் சென்றார். மக்கேபாவும் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்தான். அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் குடியேறி உருவாக்கிய நாடு லைபீரியா. அங்கே கழித்த காலத்தைத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலமாக நீனா நினைவுகூர்ந்தார்.

பிறகு சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து என்று அலைந்தார். ஒரு காலத்தில் கார்னகி மண்டபத்தை நிறைத்தவர், பாரிசில் சிறிய விடுதிகளில் கொஞ்சப் பணத்துக்கு வாசித்தார். உண்மையிலேயே அவர்தான் என்று நம்பாமல் ஆட்கள் வராமல் போன இரவுகளும் உண்டு. புலம்பெயர்ந்த எங்களவர்களில் ஊரில் அதிபராக, வித்துவானாக இருந்துவிட்டு, குளிர் நாட்டில் கோப்பை கழுவியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. நெதர்லாந்தில் நண்பர்கள் சிலர் அவரைப் பொறுப்பெடுத்து, சிகிச்சைக்கு ஒழுங்கு செய்து, மீண்டும் கச்சேரிகளுக்குக் கொண்டுவந்தார்கள். 1990களில் தென் பிரான்சில் குடியேறினார். சொந்த நாட்டில் நிரந்தரமாக வாழ அவர் திரும்பவேயில்லை.

பிந்தி வந்தவை

பேர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பின் குற்றவாளிகளில் முதலாமவர் தண்டிக்கப்பட்டது 1977இல். இரண்டாமவர் 2001இல். மூன்றாமவர் 2002இல். நான்காவது சந்தேகநபர் வழக்கு எதுவும் இல்லாமலே 1994இல் இறந்துபோனார். மெட்கர் எவர்ஸின் கொலைக்கான தீர்ப்பு வந்ததும் 1994இல்தான். நீனா பாட்டு எழுதி 39 வருடங்கள் கழித்து அந்தச் சிறுமிகளின் கடைசி வழக்கு முடிந்தது. அதற்கு அடுத்த வருடம் அவரும் இறந்தார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இருந்த அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். 39 வருடம் என்ற கணக்கு அவர்களுக்கு ஆறுதல் தராது. ஆனால் வழக்கை மீண்டும் திறக்க வைத்தது, மறக்க மறுத்தவர்களின் விடாப்பிடிதான். அந்த மறதியைத் தடுத்தவற்றில் பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

கேர்ட்டிஸ் கல்லூரி நீனாவுக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது 2003 ஏப்ரலில். அவர் மார்புப் புற்றுநோயால் இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர். நுழைவுத் தேர்வு நடந்து 52 வருடங்கள் கடந்திருந்தன. இறுதிச் சடங்குக்கு மிரியம் மக்கேபா வந்திருந்தார். நீனாவின் விருப்பப்படி அவருடைய சாம்பல் ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் தூவப்பட்டது. ஒரு சிறு பகுதி, 2010இல் ட்ரையோனில் எழுப்பப்பட்ட அவருடைய வெண்கலச் சிலையின் நெஞ்சுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பிறந்த மூன்று அறை வீடு இடிந்து அழியும் நிலையில் விற்பனைக்கு வந்தபோது, 2017இல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டொலர் கொடுத்து அதை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

சிலையையும் வீட்டையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஊர் நிதியம்தான். ஒரு பிள்ளையின் பியானோப் பாடத்துக்காக, பொருளாதார மந்தத்தால் நொந்துபோயிருந்த ஒரு சிற்றூர் சில்லறை சேர்த்தது. அதே ஊரில்தான் அந்தப் பிள்ளையின் பெற்றோரை முன்வரிசையிலிருந்து எழுப்பினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே அந்தப் பிள்ளை சுமந்து போனது.

வன்னியில் சாதாரணதரத்தோடு இசையைக் கைவிடும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். குரல் இருக்கிறது, காது இருக்கிறது, விருப்பம் இருக்கிறது. வயலின் வாங்கக் காசில்லை. வாங்கினாலும் நகரத்துக்கு வந்துபோகப் பேருந்துக் காசில்லை. தகப்பன் இல்லாத வீடுகளில் மூத்த பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறாள். புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை மதிலுக்கும் தாராளமாகத் தருகிறார்கள். ஒரு பிள்ளையின் பாடக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஐந்து வருடத்துக்குப் பொறுப்பெடுக்கிறேன் என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு ஊரில் நான்கு பேர் சேர்ந்தாலே அது நடக்கும். அப்படி ஒரு பிள்ளை மேடையேறும் நாளில், அந்தப் பிள்ளையின் தாய்க்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட மறக்காமல் இருந்தால் போதும்.